தெற்கு வராந்தாவின் ஏழாவது அடி

உன் அளவு டேப் மூன்று வாரமாக என் மேசைமேல் இருக்கிறது. தோல் உறை வெடித்துவிட்டது. சுற்றுகிற பித்தளைக் கைப்பிடி கறுத்துப் போயிருக்கிறது. கல்லூரியிலிருந்து வந்து பையைக் கீழே வைக்கும்போதெல்லாம் அதன் வாடை வருகிறது: மெழுகு பூசிய துணி, பழைய சுண்ணாம்பு, கூடவே உன் கையில் எப்போதும் இருந்த தேங்காயெண்ணெய். எண்ணெய் வாடை இத்தனை நாள் நிற்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வருகிறது.

உன் மகள்தான் கொண்டுவந்து கொடுத்தாள். "பரண்ல கெடந்துச்சு பெரியம்மா. மேல ஒங்க பேரு எழுதி வச்சிருந்தாங்க அம்மா. நாந்தான் ஒரு வருசமா பாக்காம விட்டுட்டேன்" என்றாள். துணிப்பைக்குள் டேப்பும் ஒரு நீள நோட்டும் இருந்தன. அவள் டேப்பை இழுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இதுல மொத ஒரு அடியவே காணோம். இத வச்சா அம்மா அம்புட்டு வீட்டுக்கும் பிளான் போட்டாங்க?"

இதை வைத்துத்தான் போட்டாய். பழங்காநத்தத்தில் மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கும் அந்த ஆபீஸில் உட்கார்ந்து எத்தனை வீடுகளை வரைந்திருப்பாய். முதல் ஒரு அடியை ஏதோ ஒரு சைட்டில் நாய் கடித்துத் தின்றுவிட்டது. புது டேப் வாங்கேன் என்று நான் சொன்னதற்கு, "தொண்ணூத்தொம்பது அடி நல்லாத்தானடி இருக்கு? ஒரு அடிக்காகத் தூக்கி எறிஞ்சிருவாங்களா?" என்றாய். அதனால் 1 என்று போட்டிருக்கும் கோட்டில்தான் முனையைப் பிடிக்க வேண்டும். டேப்பில் தெரிகிற எண்ணில் ஒன்று கழித்தால் சரியான அளவு. எழுதுகிறவள் டேப்பில் பார்த்ததை அப்படியே எழுத வேண்டும்; கழிப்பது நீ மட்டும், வீட்டுக்குப் போய், வரையும்போது. "படிச்சத எழுது. கழிக்கிறத எங்கிட்ட விடு." அளக்கப் போன ஒவ்வொரு நாளும் முதல் வேலையாக இதைச் சொல்வாய். எனக்குச் சலிப்பாக இருக்கும்.

எங்கள் சபைக் கோயில் கமிட்டியின் மினிட்ஸ் புத்தகத்தில் உன்னைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. 'வரைபடம் தயாரித்தவரின் பிழை' என்று. அந்த வரி அங்கே ஏறியது என்னால். அதை மாற்றச் சொல்லி இன்று போய்விட்டு வந்தேன். என்ன நடந்தது என்பதை உனக்குச் சொல்லியாக வேண்டும். இறந்தவர்கள் கடிதம் படிப்பார்கள் என்று நான் நம்புவதில்லை. அது உனக்குத் தெரியும். எழுதாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கோயிலுக்குள் உன்னை முதலில் கூட்டிப்போனவள் நான். மிஷன் பள்ளி ஹாஸ்டலில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில் நமக்கு. செக்கானூரணிப் பக்கத்து நெல்வயல்காரர் வீட்டிலிருந்து தகரப் பெட்டியோடு வந்தவள் நீ. நான் லுத்தரன் சபையில் பிறந்து, ஞானஸ்நானம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைச் சட்டை போட்டு வளர்ந்தவள். ஒரு ஞாயிறு உன்னையும் ஆராதனைக்கு அழைத்துப்போனேன். பிரசங்கம் முழுவதும் நீ கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். வெளியே வந்ததும் கேட்டாய்: "இம்புட்டுச் சரிவா எதுக்குடி கூரை போட்டிருக்காங்க? மழையே பெய்யாத ஊருல?"

அதுவரை அந்தக் கூரையை நான் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு அந்தக் கேள்விக்கு நாம் இருவரும் சேர்ந்து பதில் கண்டுபிடித்தோம். சபையின் ஆண்டு விழா மலருக்குக் கோயிலின் வரலாற்றை எழுதித் தரும்படி அப்போதிருந்த போதகர் என்னிடம் கேட்டார். நான் கோயிலுக்குப் போவதை ஏறக்குறைய நிறுத்தியிருந்தேன். கல்லூரியில் நான் கற்பிப்பது வரலாறு என்பதால் ஒப்புக்கொண்டேன். காகிதங்களை நான் பார்த்துக்கொள்வேன், கட்டடத்தைப் படிக்க ஒருத்தி வேண்டும் என்று உன்னிடம் வந்தேன். "கூலி என்ன?" என்றாய். "மலரில் பெயர் போடுவார்கள்" என்றேன். "அப்ப மத்தியானச் சோறு ஒன்னோடது" என்றாய்.

ஆறு சனிக்கிழமைகள் அளந்தோம். ஞாயிறுக்காகக் கோயிலைப் பெருக்கித் துடைத்து முடித்த பிறகுதான் நம்மை உள்ளே விடுவார்கள். நீ செருப்பை வாசலில் விட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஏணியில் ஏறுவாய். சபையில் பிறந்த நான் கீழே நின்று நோட்டைப் பிடித்திருப்பேன்.

அந்தச் சனிக்கிழமைகளில் நான் கற்றது அதிகம். வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். முதலில் ஓலைக் கொட்டகை இருந்ததும், பிறகு ஜெர்மானிய மிஷனரி ஒருவர் இந்தக் கோயிலைக் கட்டியதும், உலகப் போர் வந்ததும் ஜெர்மானியர்கள் போக நேர்ந்ததும், ஸ்வீடன்காரர்கள் வந்ததும் காகிதத்தில் இருந்தன. காகிதத்தில் இல்லாததைச் சுவரில் நீ காட்டினாய். மணிக்கூண்டின் மேல் பாதியில் செங்கல் சின்னதாக இருந்தது. "கீழ கட்டுனவன் வேற, மேல கட்டுனவன் வேற. நடுவுல ரொம்ப நாளு வேலை நின்னுருக்கு. பாரு, நின்ன எடத்துல மழைத்தண்ணி எறங்குன கறை." போரில் மிஷனரி போன பிறகு கூண்டு மொட்டையாக நின்றிருக்க வேண்டும், பிறகு சபையாரே கைக்கு எட்டிய செங்கலை வைத்து முடித்திருக்க வேண்டும். கூர்முனை வளைவு ஜன்னல்களில் வண்ணக் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் மரச் சட்டங்கள். பலிபீடத்துக்கு மேலூர்ப் பக்கத்துக் கல். அந்தக் கூரையோ, பனி வழுக்கி விழுவதற்காகப் போடுகிற கூரை. "பாவம்டி அந்த மனுசன்" என்றாய். "ஊரு ஞாபகத்துல பனிக்குக் கட்டிட்டாரு. அப்புறம் நம்ம வெயிலப் பாத்துட்டு ரெண்டு பக்கமும் வராந்தா எறக்கிருக்காரு."

ஜெர்மானியப் போதகர் ஒருவரை 'பாவம்டி அந்த மனுசன்' என்று சொல்ல உன்னால்தான் முடியும்.

வராந்தாவில்தான் நான் தவறினேன்.

வடக்கு வராந்தா ஏழு அடி அகலம். தெற்கு வராந்தா ஆறு அடி. நீ வரைந்து முடித்துத் தந்த தாளில் அப்படித்தான் இருந்தது. ஒரு அடி வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்க்க முடியாதே. வெளிப்புற மொத்த அகலத்தை அளந்திருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும். தெற்குப் பக்கம் தண்ணீர்த் தொட்டியும் செம்பருத்திப் புதரும் அடைத்துக்கொண்டிருந்ததால் அதை அளக்கவில்லை.

அந்த ஒரு அடியை வைத்து நான் ஒரு கதையே கட்டினேன். எங்கள் கோயிலில் பெண்கள் உட்காருவது தெற்குப் பக்கம். கைக்குழந்தைக்காரிகள் தெற்கு வராந்தாவில் பாய் விரித்து உட்காருவார்கள். பழைய அறிக்கை ஒன்றில் 'வராந்தா கட்டப்பட்டது' என்று ஒருமையில் ஒரு வரி இருந்தது. போதாதா? ஆண்கள் பக்கத்து வராந்தாவை மிஷனரி முதலிலேயே கட்டினார். பெண்கள் பக்கம் பின்னால், பணமில்லாத காலத்தில், போனால் போகிறது என்று ஒரு அடி குறைத்துக் கட்டப்பட்டது. இப்படி எழுதினேன். அழகாக எழுதினேன். எழுதியபோது எனக்கு ஒரு திருப்தி இருந்தது. ஏனென்றால் உலகம் அப்படித்தான் நடக்கும் என்பது என் எண்ணம். யார் எது சொன்னாலும் ஆதாரம் எங்கே என்று கேட்கிறவள், என் மனதுக்குப் பிடித்த ஒன்றைக் கண்டதும் கேட்பதை விட்டுவிட்டேன்.

நீ படித்துவிட்டு மூக்கைச் சொறிந்தாய். "பொம்பளைக்கு ஒரு அடி கம்மியாக் குடுத்துட்டான்னு எழுதிருக்க?"

"அளவு அப்படித்தானே சொல்கிறது?"

"அளவு ஆறுன்னுதான் சொல்லுது. மத்தத நீ சொல்லுற." பிறகு சிரித்தாய். "நல்லாத்தான் இருக்கு, விடு. எம் பேரப் பெருசாப் போடச் சொல்லு."

மலர் வந்தது. உன் பெயரை என் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். மூன்று பிரதி வாங்கி, ஒன்றை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி ஊருக்குக் கொண்டுபோய் உன் அப்பாவிடம் காட்டினாய்.

அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, நீ வாரம் இருமுறை டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், சபைக் கமிட்டி தெற்கு வராந்தாவை இடிக்கத் தீர்மானித்தது. கிறிஸ்துமஸுக்கும் கல்யாணங்களுக்கும் இடம் போதவில்லை. வராந்தாவை எடுத்துவிட்டு அகலமாகக் கான்கிரீட் போட்டு, மின்விசிறி மாட்டி, நாற்காலி போடலாம். பழைய கட்டடத்தில் கைவைப்பதில்லை என்று சபையில் முன்பே ஒரு தீர்மானம் உண்டு. பின்னால் சேர்த்ததை இடிக்கத் தடையில்லை. தெற்கு வராந்தா பின்னால் சேர்த்தது என்பதற்கு அவர்களிடம் இருந்த ஆதாரம் என் கட்டுரை.

செக்ரட்டரி தொலைபேசியில் உற்சாகமாகச் சொன்னார்: "மேடம், ஒங்க கட்டுரைதான் எங்களுக்குக் கை குடுத்துச்சு. அந்தப் பக்கத்த ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்கோம். அடுத்த கமிட்டியில நீங்களும் வந்து ஒரு வார்த்த சொல்லிட்டா ஆளு விட்டு இடிச்சிரலாம்."

அப்போதும் கட்டுரையைச் சந்தேகிக்கவில்லை. பின்னால் கட்டியதாகவே இருந்தாலும் இடிக்க வேண்டுமா என்றுதான் யோசித்தேன். உன்னிடம் சொன்னேன். மறுநாள் டயாலிசிஸ் இல்லாத நாள். ஆட்டோவில் வந்து இறங்கினாய். முகம் ஊதியிருந்தது. "வாடி, போய்ப் பாத்துட்டு வருவோம். இடிக்கப் போறாங்கன்னா கடைசியா ஒருக்காப் பாக்க வேணாமா?"

ஐப்பசி மழை விட்டிருந்த நேரம். தெற்கு வராந்தாவின் கோடியில், பெரிய சுவரோடு வராந்தாச் சுவர் சேரும் மூலையில், காரை பாளமாக விழுந்து செங்கல் தெரிந்தது. நீ அதன்முன் போய் நின்றாய். ரொம்ப நேரம் நின்றாய். பிறகு விரலால் ஒரு வரிசையைத் தொட்டுத் தொட்டு, பெரிய சுவரிலிருந்து வராந்தாச் சுவருக்கு வந்தாய்.

"இங்க வா. இந்தக் கல்லு எங்க முடியுது?"

ஒரு செங்கல்லின் பாதி பெரிய சுவருக்குள், பாதி வராந்தாச் சுவருக்குள். அடுத்த வரிசையிலும் அப்படி. அதற்கு மேலும் அப்படியே. இரண்டு கைவிரல்களைக் கோத்த மாதிரி.

"பின்னாடி கட்டுனா ஒட்டித்தான் கட்ட முடியும். இப்படிக் கோத்துக் கட்ட முடியாது. இது ஒரே நேரத்துல எழும்புன சுவருடி." உன் குரல் மாறிவிட்டது. "அந்தக் கூரை சரிவு சுவர வெளிய தள்ளும். வடக்க ஒண்ணு, தெக்க ஒண்ணு, ரெண்டு வராந்தாவும் தோள் குடுத்து நிக்குது. இத எடுத்தா அம்புட்டுதான். என்னைக்காச்சும் ஒரு நாளு சுவரு வாயப் பொளக்கும்."

"அப்படியென்றால் ஏன் ஒரு அடி குறைவு?" என்று கேட்டேன்.

நீ என்னைப் பார்த்தாய். பையிலிருந்து டேப்பை எடுத்தாய். உன்னால் குனிய முடியவில்லை. ஒரு நாற்காலியைச் சுவரோரம் போட்டு, அதில் உட்கார்ந்தபடி, 1 என்ற கோட்டைச் சுவரில் அழுத்திப் பிடித்தாய். நான் தூண் வரிசை வரை இழுத்துக்கொண்டு போய்ப் படித்தேன்.

"எட்டு."

"இன்னொருக்காப் படி."

"எட்டு."

"ஒண்ணு போனா ஏழு" என்றாய். வெளியே வேப்பமரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு நீ, "அந்த நோட்டு வீட்டுல இருக்கு. பாத்துட்டுச் சொல்றேன்" என்றாய். ஆட்டோவில் போகும்போது எதுவும் பேசவில்லை. உனக்கு அது வழக்கமில்லை.

மறுநாள் காலை நான் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது உன் அழைப்பு வந்தது. "நாந்தான்டி. வரையும்போது ரெண்டு தடவ கழிச்சுட்டேன் போல. கிறுக்கச்சி. கமிட்டியில டிராயிங்தான் தப்புன்னு சொல்லிரு."

"நிச்சயமாகத் தெரியுமா?"

"நானே சொல்றேன்ல? ஒனக்குக் காலேஜுல பேரு இருக்கு, ஒன் கட்டுரையப் படிச்சுப் புள்ளைக எழுதுதுக. எனக்கென்ன, நாலு வீட்டுப் பிளானு. சொல்லிரு. வராந்தா நிக்கணும், அதான் முக்கியம்."

நோட்டைக் காட்டு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். என் மாணவர்களில் ஒருவர் இப்படி ஒரு முடிவோடு வந்திருந்தால் மூலத்தைக் கொண்டுவா என்று திருப்பி அனுப்பியிருப்பேன். அன்று எனக்கு மூலம் தேவைப்படவில்லை. ஏனென்றால் நீ சொன்னது எனக்கு வசதியாக இருந்தது.

கமிட்டியில் உன் செங்கல் கதையைச் சொன்னேன். எல்லோரையும் வராந்தாவுக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். செக்ரட்டரிக்கு முகம் தொங்கிவிட்டது. அவர் கெட்ட மனிதர் இல்லை. அந்த மின்விசிறிகளை மனதுக்குள் மாட்டியே முடித்திருந்தார். "அப்ப மலர்ல ஆறு அடின்னு போட்டிருக்கே மேடம்?" என்றார்.

"வரைபடத்தில் ஒரு பிழை நேர்ந்திருக்கிறது."

"அப்ப அந்தம்மா தப்பாப் போட்டுட்டாங்களா?"

"அப்படித்தான் தெரிகிறது" என்றேன்.

அதுதான் நான் சொன்னது. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அடிக்குறிப்பில் எழுதுகிற வாக்கியம். அதை மினிட்ஸில் ஏற்றினார்கள். வராந்தா நின்றது. வந்து உன்னிடம் சொன்னபோது, "பெருசாப் பேரு போடச் சொன்னேன்ல, இப்பப் போட்டுட்டாங்க" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். சபையில் ஒரு குடும்பம் உன்னிடம் மாடி கட்டக் கொடுத்திருந்த பிளானைத் திரும்ப வாங்கிக்கொண்டது என்று பிறகுதான் தெரிந்தது. உன் வீட்டுக்காரர் சொன்னார்; நீ சொல்லவில்லை. அதன்பின் எட்டு மாதம்தான் இருந்தாய்.

இனி நோட்டுக்கு வருகிறேன்.

உன் மகள் போன பிறகு திறந்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் நீ கோடு போட்டு இரண்டு கட்டம் பிரித்திருக்கிறாய். முதல் கட்டத்துக்கு மேலே 'டேப்பில்', இரண்டாவதற்கு மேலே 'கழித்தது'. முதல் கட்டம் என் கையெழுத்து. இரண்டாவது உன் கையெழுத்து. வடக்கு வராந்தா: என் கையில் 8, உன் கையில் 7. அப்புறம் கடைசிச் சனிக்கிழமை, தெற்கு வராந்தா: என் கையில் 7, உன் கையில் 6.

டேப்பில் அன்று எட்டுதான் தெரிந்திருக்கும். வேறு எதுவும் தெரிந்திருக்க முடியாது. நான்தான் ஏழு என்று எழுதினேன்.

பார்த்ததும் நினைவு வந்துவிட்டது. முந்தின இரவு முழுக்க உன் மகளுக்குக் காய்ச்சல். நீ தூங்காமல் வந்திருந்தாய். முனையைப் பிடித்துக்கொண்டே கொட்டாவி விட்டாய். இந்த நிலைமையில் இவள் கழிக்க மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். உனக்கு உதவுவதாக எண்ணி நானே கழித்து எழுதினேன். சொல்லவும் இல்லை. அந்த ஒரு அளவோடு மழை வந்துவிட்டது, நாம் நிறுத்திவிட்டோம். நீயோ எவ்வளவு களைப்பிலும் கழிக்க மறக்கிறவள் இல்லை. உன் வேலையை நீ சரியாகச் செய்தாய். உன் வேலையில் நான் கைவைத்தேன்.

இன்னொன்றும் இருந்தது அந்தப் பக்கத்தில். என் 7-ஐச் சுற்றி ஒரு வட்டம். காம்பஸ் இல்லாமல் வெறும் கையால் வட்டம் போட்டு, அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் பொருந்துகிறதா பார் என்று பந்தயம் கட்டுகிறவள் நீ. இந்த வட்டம் நடுங்கியிருந்தது. தொடங்கிய இடத்துக்கு வந்து சேரவில்லை. கடைசி வருடத்துக் கை அது. அந்தக் காலைத் தொலைபேசி அழைப்புக்கு முந்தின இரவோ, அன்று விடியலிலோ நீ இதைப் போட்டிருக்கிறாய். யார் எழுதியது என்று பார்த்துவிட்டுத்தான் என்னை அழைத்திருக்கிறாய்.

கண்டுபிடித்ததும் என்மேல் கோபப்பட்டாயா? ஒரு நிமிடமாவது பட்டிருப்பாய் என்று நம்ப விரும்புகிறேன். பிறகு அந்த நோட்டை எரிக்காமல், கிழிக்காமல், என் பெயரை எழுதிப் பரணில் போட்டாய். என்றாவது நான் பார்க்க வேண்டும் என்றா? பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சரி என்றா? ஆதாரம் இல்லாததால் முடிவு சொல்ல மாட்டேன்.

கமிட்டியில் பேச நேரம் கேட்டுப் போதகருக்கு எழுதினேன். இப்போது இருப்பவர் இளைஞர்; உன்னைப் பார்த்ததில்லை. இன்று ஆராதனை முடிந்து எல்லோரும் உட்கார்ந்ததும் நோட்டை மேசைமேல் விரித்து வைத்து, நடந்ததைச் சொன்னேன். சுருக்கமாகத்தான்.

செக்ரட்டரிக்கு இன்னும் அதே நாற்காலி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தம்மாதான் போயிட்டாங்களே மேடம். வராந்தாவும் நிக்கிது. இப்ப எதுக்கு இதெல்லாம்?"

"மினிட்ஸ்ல அவ தப்புன்னு இருக்கு சார். தப்பு என்னோடது."

"நீங்களே வந்து ஒங்க தப்புன்னு எழுதச் சொல்றீங்க. நான் பாத்ததே இல்ல இப்படி."

"அளந்து காட்டுறேன், வாங்க."

எல்லோரும் எழுந்து தெற்கு வராந்தாவுக்கு வந்தார்கள். அங்கே பாயில் ஒரு பெண் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் பாயைச் சற்று நகர்த்திக்கொண்டாள். டேப்பின் முனையைச் செக்ரட்டரியிடம் கொடுத்தேன். அவர் கிழிந்த விளிம்பைச் சுவரில் வைத்தார்.

"அங்க இல்ல சார். ஒண்ணுன்னு போட்டிருக்கிற எடத்துல."

"என்ன மேடம் டேப்பு இது? எங்க வீட்டுல புதுசு இருக்கு, இரும்பு. எடுத்துட்டு வாரேன்."

"இதாலதான் அளக்கணும்."

அவர் பிடித்தார். நான் இழுத்துக்கொண்டு போய்ப் படித்தேன். எட்டு. போதகரையும் வந்து படிக்கச் சொன்னேன். எட்டு. நோட்டில் என் 7-ஐக் காட்டினேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் குனிந்து பார்த்துவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "நாங்க மாடிக்குக் குடுத்த பிளானத் திரும்ப வாங்கிட்டு வந்துட்டோமே. ஒரு வார்த்த பேசலியே அந்தப் பிள்ள. காப்பி குடுத்து அனுப்புச்சு."

குழந்தை சோற்றைத் துப்பியது.

செக்ரட்டரி எழுதினார். நான் சொல்லச் சொல்ல எழுதினார்: தெற்கு வராந்தாவின் அகலம் ஏழு அடி. அது கோயிலோடு ஒரே நேரத்தில் கட்டப்பட்டது. முன்னர்க் குறித்த பிழை வரலாறு எழுதியவருடையது. வரைபடம் தயாரித்தவருடையது அன்று. உன் முழுப் பெயரை எழுதச் சொன்னேன். இனிஷியலோடு. அவர் அதைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதினார். நான் கேட்கவில்லை, அவராகச் செய்தார்.

வீட்டுக்கு வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். உன்னைப் போல ஏணியில் ஏற எனக்கு வராது. சுவரைத் தொட்டதும் அதன் வயதைச் சொல்ல வராது. நம்பிக்கை வராததைப் பற்றி நீ என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. அதற்கும் சேர்த்து நன்றி சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கோயிலுக்கு இனி எப்போதாவது போவேன் என்று தோன்றுகிறது. பிரசங்கத்துக்கு அல்ல. கூரையைப் பார்க்க.

உன் நோட்டின் அடுத்த பக்கம் காலியாக இருந்தது. நீ கோடு போட்டுக் கட்டம் பிரித்து வைத்திருந்தாய். அதில் இன்றைய அளவை எழுதிவிட்டேன். 'டேப்பில்' என்பதன் கீழே, என் கையெழுத்தில், 8.

பக்கத்துக் கட்டத்தை நிரப்பவில்லை. கழிப்பது உன் வேலை.